எல்லோருக்கும் கோடை, நமக்கு சீசன்

வாசகர் கேள்வி – பதில்

சமவெளியில் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஏறி வருவது நம் நீலகிரிக்குத்தான். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகும் அளவுக்கு அந்தக் கூட்டம் பெருகியிருக்கிறது. மலையிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளின் விடுமுறையோ, நகராத சாலையிலும் ஏற இடமில்லாத பேருந்திலும் கடைவீதிப் பரபரப்பிலும் யாரும் கேட்காமலே கழிந்துவிடுகிறது. ஆகவே, ‘மே மாதம் உங்களுக்கு எப்படிப் போகிறது?’ என்று உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களையும் அவர்களைச் சேர்ந்தோரையும் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோடையில் தொடங்கி, ‘நான் யாரோடு சேர்ந்தவள், சேர்ந்த பிறகும் நான் நானாகவே இருக்க முடியுமா’ என்ற கேள்வியில் போய் நிற்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) உதகைப் பள்ளிக்குத் தினமும் பேருந்தில் போய் வருகிறேன். ப்ளஸ் ஒன்னில்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தேன். எங்கள் குழுவில் ஆறு பேர். ஒரே மாதிரிப் பை, ஒரே மாதிரித் தலைப்பின்னல். ஒருத்திக்குப் பிடிக்காதவரோடு மற்ற ஐந்து பேரும் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம். அவர்கள் முன்னால் நான் படுக மொழி பேசுவதில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எங்கள் மொழியில் ஏதோ கேட்டாள். தமிழில் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். மே மாதம் முழுவதும் தினமும் கூடி ரீல்ஸ் எடுப்பது என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. எனக்கோ லாங்வுட் சோலைப் பக்கம் போய்ப் பறவைகளையும் மரங்களையும் வரைய வேண்டும் என்று ஆசை. சொன்னால் ‘பெரிய இவளாட்டம்’ என்பார்கள். விட்டு விலகினால் அடுத்த ஆண்டு தனியாகத்தான் உட்கார வேண்டும். என்ன செய்வது? – ப்ளஸ் டூ போகும் மாணவி, கோத்தகிரி

பதில்: பையைப் பற்றியும் பின்னலைப் பற்றியும் கவலைப்படாதே, மகளே. புதுப் பள்ளிக்கு வந்த ஒரு பெண், தனக்கும் இங்கே ஓர் இடம் உண்டு என்று உறுதிப்படுத்திக்கொள்ளத் தோழிகளைப் போலவே உடுத்திப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. அதனால் ஆள் கரைந்துபோய்விட மாட்டாள். உன் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தப் பேருந்து நிறுத்தம். அங்கே உன் பேச்சை மட்டும் நீ மறைத்துக்கொள்ளவில்லை. உன்னை நம்பிக் கேட்ட ஒருத்தியை, ‘எனக்கும் உனக்கும் சம்பந்தமில்லை’ என்று நாலு பேர் பார்க்கத் தள்ளிவைத்துவிட்டாய். அவளும் உன்னைப் போலவே அந்தப் பள்ளியில் ஓர் இடம் தேடிக்கொண்டிருப்பவள்தானே. இதைச் சரிசெய்யப் பெரிய விளக்கமெல்லாம் தேவையில்லை. அடுத்த முறை பார்க்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்ப் பேச்சில் நீயே முதலில் ஒரு வார்த்தை தொடங்கு. தோழிகள் எதிரிலேயே தொடங்கு. ஓரிரு நாள் கேலி செய்வார்கள், பிறகு அவர்களுக்கே அலுத்துவிடும்.

அந்த எழுதாத சட்டத்துக்கு மட்டும் நீ கட்டுப்படவே கூடாது. இன்று யாரோ ஒரு பெண்ணின் மீது பாய்வது நாளை உன் மீது பாயும் என்பது ஒரு காரணம். இன்று அது பாய்வதற்கு நீயும் உடந்தை என்பது அதைவிடப் பெரிய காரணம். குழுவோடு சண்டை போடச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தால் நீ வழக்கம்போலப் பேசு, அவ்வளவுதான். வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவள் என்ற முறையில் இதையும் சொல்கிறேன்: இப்படி அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் குழுக்களில், பிடிக்காததைப் பிடித்ததாகக் காட்டிக்கொண்டு, முதலில் யார் வாய் திறப்பார்கள் என்று காத்திருக்கும் பெண் உன்னைத் தவிர இன்னும் ஒருத்தியாவது நிச்சயம் இருப்பாள்.

மே மாதத்தைப் பொறுத்தவரை, விலகுவதா ஒட்டிக்கொள்வதா என்ற இரண்டே வழிதான் இருக்கிறது என்று நீயாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். வாரத்தில் இரண்டு நாள் எனக்கு லாங்வுட் பக்கம் வேலை இருக்கிறது, மற்ற நாள்களில் வருகிறேன் என்று சொல்லிவிடு. அனுமதி கேட்பதுபோல் இழுக்காமல், டியூஷனுக்குப் போகிறவர்கள் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல். வர விரும்புகிறவள் வரலாம் என்றும் சேர்த்துச் சொல்.

போவது என்று முடிவானால் வெறும் ஆசையாக விட்டுவிடாமல் ஒழுங்காகச் செய். சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் தருகிற காடு அது. வனத்துறையினரிடம் சொல்லிவிட்டு, வீட்டில் பெரியவர் ஒருவரோடு, வெயில் நன்றாக ஏறிய பிறகு போ. கோத்தகிரிப் பக்கம் கரடியும் காட்டெருமையும் நடமாடுவதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நாளே பறவையைத் துரத்தாதே. நீலகிரி சிரிப்பான் குரல் கொடுக்கும், நீ பென்சிலை எடுப்பதற்குள் புதருக்குள் மறைந்துவிடும். ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு அதையே வாராவாரம் வரை. சோலை மரங்களின் தளிர் முதலில் செம்பு நிறத்தில் விரிந்து, பிறகு பச்சை ஏறும். ஒரே கிளையை நாலு முறை வரைந்தால் அந்த நிறமாற்றம் உன் நோட்டிலேயே தெரியும். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, நேரம், மழையா வெயிலா என்பதைக் குறித்து வை. ஒரு மரத்தின் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் பார்த்துப் பதிவு செய்வதற்கென்றே ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டம் இருக்கிறது. இந்தியாவெங்கும் பள்ளி மாணவர்கள் அதில் பங்கேற்கிறார்கள். அதன் மரப் பட்டியலில் உங்கள் ஊரில் நிற்பது எது என்று பார்த்துச் சேர்ந்துகொண்டால், ஆறு பேருக்கு அப்பாலும் உனக்கு ஒரு கூட்டம் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் உன் பை என்ன நிறம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான், வயது 15. சீசனில் கடைவீதியில் ஒரு வர்க்கி, சாக்லேட் கடையில் வேலைக்கு நிற்க வேண்டும், நண்பர்கள் எல்லாரும் நிற்கிறார்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனுடைய அப்பாவோ, இரண்டு மாதம் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நீட் அடிப்படைப் பயிற்சியில் சேர வேண்டும் என்கிறார். கடையில் நின்றால் படிப்பு கெட்டுவிடுமா? சட்டப்படி நிற்கலாமா? – ஒரு தாய், குன்னூர்

பதில்: இந்த ஒரு மே மாதத்துக்கு நான் பையன் பக்கம், அம்மா. பத்தாம் வகுப்பு முடிவே இன்னும் வரவில்லை. எந்தப் பாடப்பிரிவு என்று அவன் வாயால் சொல்லவும் இல்லை. அதற்குள் அவனை விடுதியில் கொண்டுபோய் விடுவது, அவனுக்காக எடுத்த முடிவாகத் தெரியவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை போய்விட்டானே என்ற பதற்றமாகத் தெரிகிறது. ப்ளஸ் ஒன் தொடங்கிவிட்டால் இரண்டு ஆண்டுக்கு அவனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பது உங்கள் கணவருக்கும் தெரிந்ததுதான்.

சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையைக் கடையிலோ வேறு எங்குமோ வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பெற்றோருக்குக் கைகொடுப்பது போன்றவற்றுக்கே விலக்கு உண்டு. 14 முடிந்து 18 நிறையாதவர்களை அபாயகரமான தொழில்களில் வைக்கக் கூடாது. மற்றவற்றில் வைக்கலாம், ஆனால் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான். அதில் தொடர்ந்து 3 மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். நம் கடைவீதியில் வியாபாரம் சூடுபிடிப்பதே விளக்கு வைத்த பிறகுதான் என்பதால், ‘இன்னும் அரை மணி நேரம் இருந்துட்டுப் போப்பா’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். ஆகவே பையனை முன்னே அனுப்பாமல், அவனுடைய அப்பாவே போய்க் கடைக்காரரிடம் நேரத்தைப் பேசி முடிக்கட்டும். காலை 10 முதல் மாலை 4 வரை என்று வைத்துக்கொண்டால், பையன் ஐந்து மணிக்குப் பந்து விளையாடவும் போய்விடுவான். அடுப்பு, மாவு பிசையும் இயந்திரம் இவற்றின் பக்கம் அனுப்புவதில்லை என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். சம்பளம் அவன் கைக்கு வரட்டும். 10 வயது தாண்டிய பிள்ளைகள் தாமே கையாளும் சேமிப்புக் கணக்கை வங்கியில் தொடங்கலாம்.

படிப்பு கெடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதத்தில் கெடாது. அவனுக்கு வேறொன்று நடக்கும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிற சுற்றுலாப் பயணியையும், எடை போட்ட பிறகு வேண்டாம் என்று போகிறவரையும், வந்த இடத்தில் ஒரு பையனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெரியவரையும் அவன் ஒரே நாளில் பார்ப்பான். ‘ஊட்டிக்காரர்கள்’ என்று மொத்தமாக அழைக்கப்படுவது எப்படி இருக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்கு என்ன முகம் காட்டுவது என்பதை அவனவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். நண்பர்களோடு இருக்கலாம் என்று போகிறவன், வெவ்வேறு கடையில் நிற்கும் நண்பர்களைச் சாப்பாட்டு வேளையில்தான் பார்க்கப்போகிறான் என்பதை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். அது அவனுக்கு ஒத்துவராது என்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம் இருக்கிறது. அறிவிப்பு நாளிதழில் வரும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். லீவில் அம்மாவும் அம்மாயியும் பிரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் பெயர் கொடுக்கும் இடம்) போன பிறகு தங்கையைப் பார்த்துக்கொண்டு, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, மத்தியானம் மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வேறு எங்கும் போனதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் ‘நான் கழித்த கோடை விடுமுறை’ என்று கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். எனக்கு எழுத ஒன்றுமில்லை என்பதால் போன வருடம் கன்னியாகுமரி போனதாகப் பொய் எழுதினேன். வகுப்பில் சிலர் என்னை ‘சிலோன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். – ஒரு மாணவன், பந்தலூர்

பதில்: தம்பி, உன் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே கட்டுரை இருக்கிறது. மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் எவ்வளவு போடுவாய், தண்ணீர் கூடிவிட்டால் என்ன செய்வாய், உள்ளங்கையால் தட்டுவாயா உருளையால் தேய்ப்பாயா, கல்லில் எந்த இடத்தில் முதலில் பொரிந்து மேலே வரும், தூக்குச்சட்டியோடு மேட்டில் ஏறும்போது தங்கையை எந்தக் கையில் பிடிப்பாய், யானை நிற்கிறது என்றால் யார் குரல் கொடுப்பார்கள், அம்மா கூடையை இறக்கிவிட்டு முதலில் கேட்பது ரொட்டியையா தண்ணீரையா – இவ்வளவையும் எழுதினால் இரண்டு பக்கம் போதாது. கன்னியாகுமரிக்குப் போனவர்கள் எல்லாரும் சூரியன் மறைவதைத்தான் எழுதியிருப்பார்கள்.

அந்தப் பெயருக்கு வருகிறேன். உன் முன்னோர் திருச்சி, சேலம், மதுரை போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கை மலைநாட்டின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களாக இருக்கக்கூடும். 1964-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து வந்தவர்கள் அதில் ஏராளம். அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் 1968-இல் வனத்துறையின் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே 1976-இல் டான்டீ என்ற அரசுக் கழகம் ஆயிற்று. நீ வாழும் மலைச்சரிவைத் தேயிலையாக்கியதில் உன் அம்மாயி தலைமுறையின் கை இருக்கிறது. உன்னை அப்படிக் கூப்பிடுகிறவர்களின் குடும்பம் எப்போது மலையேறியது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரைக் கேட்டால், 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வந்த பிறகு உருவான உதகை நகரத்தில் குடியேறிய நம்மில் பெரும்பாலோர் நேற்று வந்தவர்கள்தான்.

இந்த விடுமுறையில் ஒரு வேலை தருகிறேன். மாலையில் அம்மாயி வெற்றிலை போட உட்காரும் நேரத்தில் ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார். எந்தத் தோட்டத்தில் பிறந்தார், அங்கே லயம் என்ற தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் எத்தனை வீடு, பெட்டியில் என்னென்ன எடுத்துவந்தார், எதை விட்டுவந்தார் என்று கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுது. சொல்ல விரும்பாத இடம் வந்தால் விட்டுவிடு. பள்ளி திறந்த பிறகும் அந்தப் பெயர் தொடர்ந்தால், ‘என் பெயர் இது’ என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் சொல். அதற்கும் அடங்காவிட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்வது கோள் சொல்வது ஆகாது. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தக் கட்டுரைத் தலைப்பை ‘விடுமுறையில் என் வீட்டில் ஒரு பகல்’ என்று மாற்றிவிட்டால், பொய் எழுத வேண்டிய தேவை பாதிப் பிள்ளைகளுக்கு இருக்காது.

கேள்வி: விடுமுறையில் வெளியே போகாமல் தனியாகப் புத்தகம் படித்துக்கொண்டு, பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பழுதுபார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். இவனுக்கு ஏதோ குறை என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா? – மேல்நிலை மாணவன், உதகை

பதில்: இல்லை. பழுதுபார்த்த ரேடியோவை யாருக்காவது கொடுத்துவிட்டு வா. அந்தப் போக்குவரத்து போதும். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமல் அறைக்குள்ளேயே இருக்கத் தோன்றினால் அது வேறு விஷயம். அப்போது வீட்டில் ஒருவரிடம் சொல். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம்.

கேள்வி: எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் மே மாதம் ஐந்து நாள் செயல்பாடு நடத்த விரும்புகிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பணியர், காட்டுநாயக்கர் மாணவர்கள் சிலரும் வருகிறார்கள். எந்த நிகழ்ச்சி என்றாலும் அவர்கள் ஓர் ஓரமாக நின்றுவிடுகிறார்கள். எப்படி ஒன்றுசேர்ப்பது? – ஆசிரியர், கூடலூர்

பதில்: முதலில், செய்ய வேண்டாம் என்று ஒன்றைச் சொல்கிறேன், ஐயா. நாலு நாள் ஓரமாக நின்றவர்களைக் கடைசி நாள் மாலையில் ‘பழங்குடியினர் நடனம்’ என்று மேடையேற்றிக் கைதட்டி அனுப்பும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர்களே ஆட விரும்பினால் ஆடட்டும். அதேபோல, காட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள் என்று அவர்களை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் வேண்டாம். அந்தப் பையனுக்குக் காட்டைவிடக் கிரிக்கெட்டில் விருப்பம் அதிகம் இருக்கலாம்.

எல்லாருக்கும் கை அழுக்காகிற ஒரு வேலையைக் கொடுங்கள். உங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமே இல்லை. பள்ளி வளாகத்தை ஒட்டியும் ஊர்ப் பொதுநிலத்திலும் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அதை மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். கோடை மழை இரண்டு பெய்திருந்தால் மண் இளகியிருக்கும். ஒருவர் முள்கிளைகளை ஒதுக்கிப் பிடிக்க, ஒருவர் மண்ணைத் தோண்ட, ஒருவர் வெட்ட என்று மூவர் இல்லாமல் இந்த வேலை நடக்காது. அந்த மூவரைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்தால், நண்பர்கள் நண்பர்களோடே ஒட்டிக்கொள்வது தானாக நின்றுவிடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வெட்டிய தண்டுகளை எரித்துவிடாதீர்கள். கூடலூர் வட்டாரப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதே உண்ணித் தண்டுகளால் செய்த ஆளுயரத்தை மிஞ்சும் யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அந்த வேலை தெரிந்தவர் ஒருவரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, மூன்றாம் நாள் ஒரு முக்காலி செய்யக் கற்றுத்தரச் சொல்லுங்கள். மாணவரின் மாமாவோ சித்தப்பாவோ ஆசிரியராக வந்து நிற்பதை வகுப்பு முழுவதும் பார்க்கட்டும்.

சமையலும் முறை வைத்து மாறட்டும். பையன்களை அதிலிருந்து விட்டுவிட வேண்டாம். சான்றிதழ் தருவதானால், எல்லாருக்கும் ஒரே வாசகத்தை அச்சடிக்காமல், யார் என்ன செய்தார் என்று ஒரு வரி கையால் எழுதிக் கொடுங்கள். இடம் காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வருமானால் மாவட்ட வன அலுவலரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கிளையையும் தொடக் கூடாது. யானை வரும் பாதை என்பதால் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் பிள்ளைகள் புதரோரம் நிற்க வேண்டாம். விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் அலுவலகத்தில் ஆளைப் பிடிப்பது கடினம்.